முட்டைக்கு எதுக்குங்க சார் கிளட்ச்?

இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் ஒரு பெரிய வசதி உண்டு: பாடம் புரியவில்லை என்றால் எதிரே உட்கார்ந்திருப்பவர் தன் மண்டையைத்தான் குறை சொல்லிக்கொள்வார், வாத்தியாரைச் சந்தேகப்பட மாட்டார். இந்த வசதியை நம்பித்தான் திருச்செங்கோட்டில், ஒரு லாரி உதிரிபாகக் கடையின் மாடியில், அரசுப் பள்ளி இங்கிலீஷ் வாத்தியார் வேலைக்கான தேர்வுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தைக் கறுப்பாக்கியே கட்டைவிரல் தேய்ந்துபோன உங்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் உங்கள் கட்சிதான். எந்தத் தேர்வுக்குச் சொல்லிக்கொடுக்கிறேனோ அதே தேர்வை நானும் எழுதி வந்தேன். என்னிடம் படித்தவர்கள் தேறிப்போய் ஸ்வீட் பாக்ஸோடு வந்து நிற்பார்கள். நான் ஆசீர்வாதம் பண்ணிவிட்டு அடுத்த தேர்வுக்கு விண்ணப்பம் போடுவேன். வயது வரம்புப்படி போன தேர்வுதான் எனக்குக் கடைசி. அதில் நான் எப்படிக் குழம்பினேன் என்பது உங்களுக்குப் புரிய வேண்டும் என்றால், முதலில் எங்கள் வகுப்பு புரிய வேண்டும்.

நான் ஆத்தூர்ப் பக்கத்துக்காரன். இங்கே வந்தபோது, இந்த ஜனங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, சொல்லிக்கொடுப்போம் என்று நினைத்து வந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, எல்லோருக்கும் தெரியும். கஷ்டமே அதில்தான். ரிக் வண்டி, லாரி, விசைத்தறி, கோழிப்பண்ணை என்று ஒவ்வொரு தொழிலும் ஒரு மூட்டை இங்கிலீஷ் வார்த்தையை வீட்டுக்குள் கொண்டுவந்து இறக்கியிருக்கிறது. அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் என்று நான் சொன்னால், அவர்கள் வீட்டு ஆளுக்கு நான் வேறு பெயர் வைத்த மாதிரி என்னைப் பார்ப்பார்கள்.

போரிங்

ஒரு டெஸ்டில் 'போரிங்' என்ற வார்த்தையை வைத்து வாக்கியம் அமைக்கச் சொல்லியிருந்தேன். மல்லசமுத்திரத்திலிருந்து வரும் ரேவதி எழுதியிருந்தது இது: 'மை பிரதர் இஸ் போரிங் இன் ராஜஸ்தான். அவர் ஹோல் ஃபேமிலி இஸ் ஹேப்பி.' அண்ணன் ராஜஸ்தானில் சலிப்பூட்டிக்கொண்டிருக்கிறார், குடும்பமே சந்தோஷமாக இருக்கிறது. சிவப்பு மையால் சுழிக்கப் போனவன் கையை நிறுத்திக்கொண்டேன். எழுவாய் சரி, வினை சரி, காலம் சரி. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் அண்ணனைப் பற்றி இதைவிடச் சரியாக எழுதவும் முடியாது.

இருந்தாலும் தேர்வு தேர்வுதான். "சலிப்பு தருகிற, ரசிக்க முடியாத, அதுதான் இங்கே அர்த்தம்" என்றேன். ரேவதி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வருத்தமே இல்லாமல் கேட்டார்: "முந்நூறு அடியில தண்ணி பீச்சி அடிக்கறப்ப யாருக்குங்க சார் சலிப்பு வரும்?"

பீம்

சுமதி பள்ளிபாளையத்திலிருந்து வருபவர். தபாலில் எம்.ஏ. இங்கிலீஷ் முடித்தவர். வாரம் முழுக்க, வீட்டை ஒட்டிய கூடத்தில் கணவரோடு சேர்ந்து விசைத்தறி ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை தறிச் சத்தம் காதில் அடங்காமலேயே வகுப்பில் வந்து உட்காருவார், அதனால் கொஞ்சம் உரக்கத்தான் பேசுவார். வீட்டில் அவருக்கு ஒரு ஒப்பந்தம் இருந்தது. இந்தத் தேர்வோடு சரி. தேறினால் டீச்சர். தேறாவிட்டால் புத்தகமெல்லாம் பரண் ஏறிவிடும், கூடத்தில் இன்னும் இரண்டு தறி இறங்கும். அதைச் சுமதி சொன்ன விதத்தில் புகார் எதுவும் இல்லை, ஆனால் குரல் அன்றைக்கு மட்டும் தாழ்ந்து போயிற்று. ஆக, எனக்கும் அது கடைசித் தேர்வு, அவருக்கும் கடைசி.

அன்று போர்டில் 'ஷீ பீம்டு அட் ஹர் சன்' என்று எழுதி அர்த்தம் கேட்டேன். மகனைப் பார்த்து முகம் மலரச் சிரித்தாள் என்பது விடை. ஆனால் தறிக்காரர்களுக்குப் பீம் என்றால் பாவு நூல் சுற்றிய உருளை, அதைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். 'மகன் மீது பீமை எறிந்தாள்' என்று எழுதியிருந்தார் சுமதி. நான் விளக்கியதும் மற்றவர்கள் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்கள். சுமதி மட்டும் போர்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "அத்தாம் பெரிய பீமைப் பெத்த பையன் மேல போட்டுட்டுச் சிரிக்கறவ என்ன பொம்பளைங்க சார்?"

அஞ்சு அடி

எங்கள் சென்டரின் முதலாளி முத்துசாமி அண்ணன். முன்பு ரிக் வண்டி ஓட்டியவர். அதை விற்றுவிட்டுத்தான் இந்தப் படிப்புத் தொழிலுக்கு வந்தார். படிக்க வருகிற எல்லோரையும், வயது வித்தியாசம் பார்க்காமல், "வா சாமி, உக்காரு சாமி" என்பார். பாடத்தில் தலையிட மாட்டார், வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போவார்.

அன்றைக்குப் பாடம் ஐயாம்பிக் பென்டாமீட்டர். இங்கிலீஷ் கவிதையில் ஒரு வரிக்கு ஐந்து 'ஃபுட்' வரும் கணக்கு. நான் அவசரத்தில் ஃபுட்டை 'அடி' என்று தமிழாக்கிவிட்டேன். தமிழ் யாப்பில் அடி என்றால் முழு வரி, ஃபுட்டுக்குச் சமம் சீர். பின்வரிசையில் இருந்த ஒருவர், ஒரு அடிக்குள் ஐந்து அடி எப்படி இருக்கும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதைச் சரிசெய்ய சீர், தளை என்று ஆரம்பித்து, அழுத்தம் உள்ள அசை, இல்லாத அசை என்று மேஜையைத் தட்டிக் காட்டி, கடைசியில் நான் தட்டியது சரிதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. போர்டில் பெரிதாக 'ஒரு வரிக்கு 5 அடி' என்று இருந்ததை வாசலில் நின்று வெகுநேரம் பார்த்த முத்துசாமி அண்ணன் மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க சார், அஞ்சு அடி போறதுக்கு ஒரு மணி நேரமா? அடியில கரும்பாறையாட்ட இருக்குதுங்களா?"

எத்தனை அப்பன்

இலக்கியப் பகுதியில் மார்க் எடுக்க அப்பன்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இங்கிலீஷ் கவிதைக்கு ஒரு தந்தை, நாவலுக்கு ஒரு தந்தை, கட்டுரைக்கு ஒரு தந்தை, விமர்சனத்துக்கு ஒரு தந்தை. எழுதியவை என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள், எதற்கு அப்பன் என்று மட்டும் கேட்பார்கள். உரைநடைக்கு வந்தபோது சிக்கல். ஒரு கைடில் ஒருவர் பெயர், இன்னொரு கைடில் வேறொருவர் பெயர். மூன்றாவதாக ஒரு கைடைப் பார்த்தால் தெளியும் என்று நினைத்தேன், அதில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார்.

கார்த்தி எழுந்தார். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக் குடும்பம், முட்டை ஏற்றிப் போகிற லாரியும் அவர்களுடையதே. எதையும் சுலபத்தில் ஒத்துக்கொள்ளாதவர். "இதுல யாருங்க சார் நெஜமான அப்பன்?" என்றார். எனக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வது என் தொழிலுக்கு ஆகாது. "ஆன்சர் கீ யாரைச் சொல்லுதோ அவர்தான்" என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்தேன். இது பின்னால் என் கழுத்தையே சுற்றும் என்று அப்போது தெரியாது. கார்த்தி உட்காராமலேயே சொன்னார்: "அப்பப் பெத்தவன் அப்பனில்லீங்க, கீயில பேரு இருக்கறவன்தான் அப்பனுங்களா சார்?"

நோ என்றால் சரி

மரியாதையாகக் கேட்பது எப்படி என்று ஒரு பாடம். 'வுட் யூ மைண்ட் ஓப்பனிங் த விண்டோ?' ஜன்னலைத் திறக்கிறீர்களா என்று அர்த்தம். திறக்கச் சம்மதம் என்றால் 'நோ' என்று சொல்ல வேண்டும், அதாவது எனக்கு ஆட்சேபம் இல்லை. 'யெஸ்' என்றால் ஆட்சேபம் உண்டு, திறக்க மாட்டேன். இதை நான் நாலு விதமாக விளக்கினேன். நாலாவது விதத்தில் நானே யெஸ்ஸையும் நோவையும் மாற்றிச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பாதி வகுப்பு ஒன்றாகவும் பாதி வகுப்பு வேறாகவும் எழுதியிருந்தது. மரியாதைக்கு இவ்வளவு பாடு எதற்கு, 'ஓப்பனுங்க' என்றால் போதாதா என்று கார்த்தி ஒரு பக்கம்.

சுமதிக்கு மட்டும் அன்று எந்தக் குழப்பமும் இல்லை. அவருடைய கணவர் படிப்பெல்லாம் வேண்டாம், முடியாது என்று வாரம் முழுக்கச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே பைக்கை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் படிக்கட்டுக்குக் கீழே இறக்கிவிட்டுப் போவார். அதனால் சுமதி சிரித்துக்கொண்டே சொன்னார்: "முடியாது முடியாதுன்னுக்கிட்டே செஞ்சு குடுக்கறதுல வெள்ளைக்காரன் எங்கூட்டுக்காரராட்டத்தானுங்க சார்."

கிளட்ச்

இனி விஷயத்துக்கு வருகிறேன். கூட்டத்தைக் குறிக்கும் பெயர்ச்சொற்கள் நடத்திக்கொண்டிருந்தேன். ஆட்டுக்கு 'ஃப்ளாக்', மாட்டுக்கு 'ஹெர்டு' என்று சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு கோழி ஒரு தடவை அடைக்கு இட்ட முட்டைகளுக்கு 'கிளட்ச்' என்றேன். கட்டடமே சிரித்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே கடையில் கிளட்ச் பிளேட்டுகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. முட்டையும் லாரியும்தான் இந்தப் பக்கத்துச் சோறு. இரண்டைப் பற்றியும் தெரியாதவன் நான் ஒருவன்தான் அந்த மாடியில்.

பொரித்து வந்த குஞ்சுகளுக்குத்தான் 'ப்ரூட்' என்று வித்தியாசம் காட்டினேன். கார்த்தி அதையும் விடவில்லை. ப்ரூடிங் என்றால் புதுக் குஞ்சுகளுக்குப் பல்பு போட்டுச் சூடு காட்டுவது, முட்டை என்றால் ட்ரே, குஞ்சு என்றால் பேட்ச், இதில் கிளட்ச் எங்கேயும் கிடையாது என்று அடித்துச் சொன்னார். நான் அகராதி அகராதி என்று கத்தினேன். வகுப்பு முழுக்க அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. சுமதி மட்டும் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டு, நான் சொன்னதை எழுதிக்கொண்டார். கார்த்தி முடிவாகச் சொன்னார்: "லாரியும் எங்கூட்டுதுங்க, முட்டையும் எங்கூட்டுதுங்க, முட்டைக்கு எதுக்குங்க சார் கிளட்ச்?"

மலையடிவாரத்தில்

தேர்வு மையம் சேலத்துக்கு வெளியே கொண்டப்பநாயக்கன்பட்டியில் விழுந்தது. எனக்கும் சுமதிக்கும் ஒரே மையம், வேறு வேறு அறை. கேள்விகள் சுமாராகத்தான் இருந்தன. பாதியைத் தாண்டியபோது அது வந்தது. அடைக்கு இட்ட முட்டைகளைக் குறிக்கும் சொல் எது? ப்ரூட், கிளட்ச், ட்ரே, பேட்ச். எங்கள் வகுப்பில் உட்கார்ந்துதான் யாரோ கேள்வியை எழுதினார்களோ என்று எனக்கு வியர்த்துவிட்டது.

கிளட்ச் என்று எனக்குத் தெரியும். கை அதன் பக்கம்தான் போனது. அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே மலைப்பாதையில் ஏறத் திணறிக்கொண்டு ஒரு லாரி கியர் மாற்றியது. அந்தச் சத்தத்தில் கார்த்தியின் குரல் வந்துவிட்டது, பின்னாலேயே வகுப்பின் சிரிப்பும் வந்துவிட்டது. கிளட்ச் என்பது லாரிச் சாமான், சும்மா நம்மைச் சிக்கவைக்கப் போட்டிருக்கிறார்கள், இத்தனை பேர் சிரித்த ஒரு வார்த்தை எப்படி விடையாக இருக்கும் என்று ஓடியது புத்தி. கோழிக்கும் முட்டைக்கும் பக்கத்தில் நிற்பது ப்ரூட்தான் என்று தோன்றியது. வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டேன். மை காய்வதற்குள் தப்பு என்று தெரிந்துவிட்டது, ஆனால் ஓ.எம்.ஆரில் அழிக்க முடியாதே.

வெளியே கேட் அருகே சுமதி நின்றிருந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "அந்த முட்டைக் கேள்வியில மொதல்ல முழிச்சனுங்க சார். அப்பறம் வெளியில லாரி கியர் மாத்துற சத்தம் கேட்டுச்சு பாருங்க, நீங்க சொன்னது அப்பிடியே ஞாபகம் வந்துருச்சு, கிளட்சுன்னு போட்டுட்டனுங்க."

கீ

தற்காலிக ஆன்சர் கீ வந்தது. முட்டைக் கேள்விக்கு விடை: ப்ரூட். திரையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது, சந்தோஷமாக இருந்தது. கீ தப்பு, நானும் தப்பு, இரண்டு தப்பும் ஒன்று சேர்ந்து என்னைக் கரையேற்றப் பார்க்கின்றன. எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த கட்-ஆஃப் விளிம்பில்தான் என் மார்க் நின்றது, அந்த ஒரு கேள்வியையும் சேர்த்தால்.

அப்போது சுமதியிடமிருந்து போன் வந்தது. அதே விளிம்பைத் தொட அவருக்கு ஒரே ஒரு மார்க் குறைந்தது, அந்த ஒரு கேள்வி கிடைத்தால் தொட்டுவிடுவார். "கீயில ப்ரூடுன்னு போட்டிருக்குதுங்க. நீங்க கிளட்சுன்னு சொன்னீங்களே. எது சரீங்க சார்? தப்புன்னா ஆதாரம் காட்டி எழுதிப் போடலாமாமுங்க" என்றார். கீ சொல்வதுதான் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்பிவிடுவார். கீயில் பேர் இருப்பவன்தான் அப்பன் என்று நானே வகுப்பில் தீர்ப்புச் சொன்னவன் வேறு. "பார்த்துச் சொல்றேன்மா" என்று போனை வைத்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

பெரிய அகராதியை எடுத்துக்கொண்டு காலி வகுப்பில் உட்கார்ந்தேன். ப்ரூட் என்பதற்குக் கீழே எங்கேயாவது முட்டை என்று இருந்துவிடாதா என்று வேண்டிக்கொண்டே பக்கத்தைத் திருப்பினேன். குஞ்சுகள் என்று இருந்தது, குடும்பம் என்று இருந்தது, கவலையோடு யோசிப்பது என்றும் இருந்தது. முட்டைகள் என்று இருந்தது கிளட்சுக்குக் கீழேதான். இந்த மாடியில் எனக்கென்று இருப்பது வார்த்தைக்கு அர்த்தம் சொல்கிற ஒரு வேலைதான். அதையும் மாற்றிச் சொல்லிவிட்டால் நான் இங்கே என்ன பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குப் புரியவில்லை. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, சுமதியின் பெயரில் ஆட்சேபத்தை நானே இங்கிலீஷில் எழுதி, அனுப்பியும் விட்டேன். அகராதியை மூடக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்த என்னை முத்துசாமி அண்ணன் எட்டிப் பார்த்தார்: "என்னுங்க சார், எத்தனை அடி போயிருக்கீங்க? ஈரம் ஏதாச்சும் தட்டுப்படுதுங்களா?"

ரிசல்ட்

இறுதிக் கீயில் கிளட்ச் என்று மாற்றிவிட்டார்கள். சுமதியின் பெயர் பட்டியலில் இருந்தது. என் பெயர் இல்லை, ஒரே ஒரு மார்க்கில். இரண்டையும் ஒரே திரையில் பார்த்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கீழே இறங்கி டீ குடித்தேன், சர்க்கரை போட்டிருந்தார்களா என்றுகூட ஞாபகமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுமதி ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். கணவர் படிக்கட்டுக்குக் கீழேயே நின்று, "நா வல்லீங்க, மேல வல்லீங்க" என்று சொல்லிக்கொண்டே மேலே ஏறி வந்துவிட்டார். கார்த்தி எழுந்து நின்று கை தட்டினார். தேர்விலும் அவர் ட்ரே என்றுதான் போட்டிருந்தார், அதில் இன்னமும் அவருக்கு வருத்தம் கிடையாது. முத்துசாமி அண்ணன் எல்லோருக்கும் மைசூர்பாகை உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டேன், வாயில் ஏதாவது இருந்தால் பேச வேண்டியதில்லை என்று. சுமதிக்குக் கண் கலங்கிவிட்டது. வழக்கம்போல உரக்க, மாடி முழுக்கக் கேட்கும்படி என்னைக் கேட்டார்: "அந்த ஒரு மார்க்குலதானுங்க சார் நா உள்ள வந்தேன், கீயை மாத்துனதுல உங்களுக்கும் அந்த ஒரு மார்க்கு கூடியிருக்குமுங்களே?"

ஊரில் உள்ள வார்த்தைக்கெல்லாம் அர்த்தம் சொல்லிப் பிழைக்கிற எனக்கு, அன்றைக்கு மைசூர்பாகை விழுங்கிவிட்டு நான் சொன்ன 'ஆமாம்மா'வுக்கு என்ன அர்த்தம் என்பது மட்டும் எந்த அகராதியிலும் இன்னும் அகப்படவில்லை.